முப்பது நாள் இலவசம்

ஐந்து ரோட்டில் இரண்டாம் மாடிக் கடை.
அர்த்தநாரி மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தான்.
சிவப்பு அட்டையில் கேடயம்.
பச்சை அட்டையில் கேடயம்.
மஞ்சளிலும் கேடயம்தான், கூடவே ஒரு வாள்.

எதுக்குங்கக்கா கம்ப்யூட்டர்?
கணக்குக்கு என்றேன்.
செவ்வாய்ப்பேட்டையின் பதினோரு வெள்ளிப் பட்டறைகள்
என் படுக்கையறை மூலையில் வரி கட்டுகின்றன.
யார் எத்தனை கிலோ கொலுசு அனுப்பினார்கள்,
யார் எத்தனையை எழுதாமல் அனுப்பினார்கள்.
இரண்டாவதை அவனிடம் சொல்லவில்லை.

சிவப்பு நல்லாப் பிடிக்கும்,
ஆனா மெஷினை ஆமையாக்கிப்போடும்.
பச்சை லேசு. வருஷம் முடிஞ்சா பணம் கேட்கும்,
கேட்டுக்கிட்டே இருக்கும்.
மஞ்சள், கொண்டலாம்பட்டிக்காரர் ஒருத்தரோட
சம்பளப் பட்டியலையே வைரஸுன்னு தின்னுபோட்டுது.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு,
விண்டோஸோட வர்றதே உங்களுக்குப் போதுங்கக்கா,
ஃபயர்வால் ஒண்ணு மட்டும் தனியாப் போட்டுக்கங்க.
அதுங்க உள்ளே வர்றதைப் பார்க்கும்.
இது வெளியே போறதையும் கேட்கும்.

வெளியே என்ன போகும்?

போட்டுப் பாருங்க. முப்பது நாள் இலவசம்.

புதிதாய்ச் சேர்ந்த வாட்ச்மேன் மாதிரி
வீட்டு ஆட்களையே நிறுத்தி விசாரித்தது.
பிரிண்டர் வெளியே போக விரும்புகிறது. அனுமதிக்கவா?
கடிகாரம் யாரிடமோ மணி கேட்கப் போகிறது. அனுமதிக்கவா?
மகனின் கிரிக்கெட் விளையாட்டு
மூன்று நாடுகளைக் கூப்பிடுகிறது.
குக்கர் ஒருபக்கம் கூவ, புளி கரைத்த கையோடு ஓடிவந்து
ஆமாம், ஆமாம், ஆமாம்.
மவுஸின் முதுகு இன்னும் பிசுபிசுக்கிறது.

முதல் இரண்டு இரவும் ஒன்பதுக்கே அணைத்துவிட்டேன்.
மூன்றாம் இரவு ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி.
பத்து நாற்பதுக்கு
பெயரே இல்லாத மாதிரி ஒரு பெயர் வந்து நின்றது:
சிஸ்டம் ஹெல்ப்பர்.
உதவிக்கு வந்தவனை ஏன் மறிப்பானேன், போகச் சொன்னேன்.
மறுநாளும் பத்து நாற்பது.
அதற்கு மறுநாளும், நொடி பிசகாமல்.

அது என்னிக்கு உள்ளே வந்துச்சுன்னு பாருங்கக்கா,
என்றான் போனில் அர்த்தநாரி.
மார்ச் ஒன்பது, ஞாயிறு, காலை ஆறு பதினெட்டு.
அந்நேரம் நான் சூரமங்கலம் உழவர் சந்தையில்
முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பேன்.
மகன் தூங்கியிருப்பான்.
ஓசூரிலிருந்து வந்திருந்த அவர்
சீக்கிரமே எழுந்திருக்கிறார்.

அதன் பையைத் திறந்தேன்.
என் திரையின் படங்கள், பத்து நிமிடத்துக்கு ஒன்று.
பட்டறைக் கணக்குகள்.
தங்கைக்கு எழுதிப் பாதியில் அழித்த கடிதம், அழிப்பதற்கு முன்.
கல்லூரித் தோழி போட்ட ஏற்காட்டுப் படத்தில்
ஓரமாய் நிற்கும் ஒருவனை
நான் பெரிதாக்கிப் பார்த்தது. இரண்டு முறை.

சிவப்பு வாங்கியிருந்தாலும் பிடித்திருக்காது,
பச்சையும்.
வீட்டுக்காரரே வைத்தால் அது வைரஸ் ஆகாது.

சனிக்கிழமை வந்தார்.
செய்தித்தாளில் சுற்றிய ஓசூர் ரோஜா ஒரு கட்டு.
சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடி,
நெட்டு ஒழுங்கா வருதா?
வருது என்றேன்.
இன்னொரு தோசை வைத்தேன்.

பத்து நாற்பது.
அவர் ஹாலில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.
வழக்கமான மூலையில் வழக்கமான கேள்வி.
அதன் கீழே சின்னக் கட்டம் ஒன்று,
இத்தனை நாள் கண்ணில் படவில்லை:
இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்.

முதலில் அதில் டிக் போட்டேன்.
பிறகு, தடு.

ஹாலில் செய்தி ஓடிக்கொண்டுதான் இருந்தது.
மேட்டூரில் நீர்மட்டம், தங்கம் வெள்ளி விலை.

திங்கட்கிழமை அர்த்தநாரிக்கு
ஆயிரத்து நானூறு அனுப்பினேன்.
இன்னும் இருபத்திரண்டு நாள் சும்மா ஓடுமேக்கா என்றான்.
தெரியும் என்றேன்.
ரசீதை என் பெயரில் போடச் சொன்னேன்.