செல்லும்

மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை
பாலாடா பங்கு மன்றத்தில்
கல்யாணத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு வகுப்பு.
பதினான்கு டீ, பதினான்கு வர்க்கி.
சாமியாருக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல்.
என் பொறுப்பு அவ்வளவுதான்.

கரும்பலகையில் இரண்டு வரி எழுதியிருந்தார்:
ஒருவருக்கொருவர் நன்மையாயிருத்தல்.
பிள்ளைகளைப் பெற்று வளர்த்தல்.
நடுவில் எங்கோ சுண்ணக்கட்டி ஒடிந்து
ஒரு புள்ளி பெரிதாக விழுந்திருந்தது.

சன்னலுக்கு வெளியே
கேரட் கழுவும் எந்திரம் உருண்டுகொண்டிருந்தது.
அதனடியில்தான் என் வீட்டுக்காரர் இஞ்ஞாசி,
முழங்கால்வரை பூட்ஸ், தலையில் சாக்குக் கொங்காணி.
சேறு கழன்று செக்கச்செவேலென்று வந்து விழும்.
அப்போதுதான் பிறந்து குளிப்பாட்டியதுபோல
என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது.
கேரட் கேரட்தான்.

எங்களையும் கேட்டார்கள், பீடத்தின் முன்,
இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால்:
கடவுள் தரும் பிள்ளைகளை
அன்போடு ஏற்றுக்கொள்வீர்களா?
ஏற்றுக்கொள்வோம் என்றோம்.
அவர் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.
பின்வரிசையில் சிரித்தார்கள்.

உத்தரத்தில் தொட்டில் கொக்கி அடித்ததும் அவர்தான்.
இப்போது அதில் மலைப்பூண்டுக் கட்டு தொங்குகிறது.
வேளாங்கண்ணியில் நாங்கள் கட்டிய மரத்தொட்டில்
எத்தனையாவது குவியலில் கிடக்கிறதோ.

கோயம்புத்தூர் டாக்டரம்மா
கண்ணாடிக் குழாயைப் பற்றிச் சொன்னார்,
தொகையையும் சொன்னார்.
கோவிலில் வேண்டாம் என்றார்கள்:
உடம்பும் உடம்பும் அறியாமல்
உயிர் வரக்கூடாதாம்.
அரை ஏக்கரை விற்றிருந்தால் பணம் வந்திருக்கும்.
மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில்
கீழே போகும் பஸ் இரண்டை விட்டோம்.
மூன்றாவது மலைக்குப் போவது. ஏறிவிட்டோம்.
கீழ்ப்படிதலா, நிலத்தாசையா, பயமா?
பாவசங்கீர்த்தனத்தில் கேட்டால்கூட
எனக்குச் சொல்லத் தெரியாது.

பர்லியார் வரை அவர் பேசவில்லை.
பர்லியாரில் இறங்கி மங்குஸ்தான் வாங்கிவந்து
ஒவ்வொன்றாக உடைத்து
வெள்ளைச் சுளையை என் உள்ளங்கையில் வைத்தார்.
தோலின் கறை அவர் நகத்தில்
ஒரு வாரம் இருந்தது.

சனவரியில் இங்கே
புல் உப்புப்போல் உறையும்.
தேங்காயெண்ணெய் கல்லாகிவிடும்.
நாலு மணிக்கு எழுந்து
குப்பியைக் கம்பளிக்குள் இழுத்து
தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு மறுபடி படுப்பார்.
நான் தலைவாரும் நேரத்துக்கு உருகியிருக்கும்.
பேசாமல் கிடந்த ஒன்பது நாளிலும் உருகியிருந்தது.
எடுத்துத் தேய்த்துக்கொண்டேன்,
முகம் மட்டும் கொடுக்கவில்லை.
சாமி, இது எந்த வரியில் சேரும்,
முதலாவதிலா, இரண்டாவதிலா
என்று கேட்க எனக்கு வகுப்பில் இடமில்லை.

தட்டோடு உள்ளே நுழைந்தபோது
எல்லநள்ளிப் பெண் ஒருத்தி, ஜெனிட்டா, நர்ஸ் வேலையாம்,
எழுந்து நின்று கேட்டாள்:
பிள்ளை பிறக்காவிட்டால்
அந்தக் கல்யாணம் செல்லாதா, சாமி?
அவளுக்குப் பார்த்த பையன்
பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

செல்லும், என்றார்.
கடைக்காரர் பழைய நோட்டை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வதுபோல.
அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.
என் தட்டில் பதினான்கு கிளாஸும்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
யாரும் கவனிக்கவில்லை.
நோட்டு மடித்த இடத்தில் நைந்துதான் இருக்கிறது.
பசை வைத்து ஒட்டியது யார் என்று
நோட்டைக் கேட்டால் சொல்லுமா?

ஒரு ஜோடியில் ஒருத்தன் வரவில்லை,
டீ ஒன்று மிஞ்சியது.
வர்க்கியால் கிளாஸை மூடி
எந்திரத்தடிக்குக் கொண்டுபோனேன்.
இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்,
ஈரம், சேறு, பனியில் வெடித்த விரல்.
நான் பிடித்தேன், அவர் குடித்தார்.
பாதியில் நிறுத்தி
மோவாயால் என் பக்கம் காட்டினார்.

ஆறிப்போயிருந்தது.
குடித்தேன்.