புறமுதுகு

பதினேழு வருடம் வாசலில் நின்றேன்.
வாசல் என்றால்
மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம்,
சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை தீட்டிய கம்பம்.
ஆறு மீட்டர் தள்ளி எம்பிக் குதித்து
என் முகத்தைக் குறிவைப்பார்கள்.
ஹேண்ட்பாலில் கோலிக்குக் கையுறை கிடையாது.
கண்ணை மூடினால் போச்சு.
நான் மூடவில்லை.
பெருமைக்குச் சொல்லவில்லை,
அதற்குத்தான் சம்பளம்.

முழங்கால் முடித்துவைத்த மார்ச் மாதம்
கிளப்பில் ஒரு பூங்கொத்து தந்தார்கள்,
என் பன்னிரண்டாம் எண் சட்டையைக்
கண்ணாடிக்குள் வைத்துத் தந்தார்கள்.
துவைக்காமல் மாட்டியிருந்தார்கள்.
அக்குள் கறை இன்னும் இருக்கிறது,
ஹாலில், கோட்டு மாட்டும் இடத்துக்கு மேலே.

ஆர்ஹூஸ். மஞ்சள் செங்கல் கட்டடங்கள்.
நிலவியல், முதலாம் ஆண்டு. வயது முப்பத்தைந்து.
முதல் நாளே ஒரு பையன் என்னிடம் வந்து
புரொஜெக்டர் வேலை செய்யவில்லை என்று முறையிட்டான்.
நானும் போய் ஒயரை ஆட்டிப் பார்த்தேன்.
இரண்டாம் வாரம் ஆய்வுக்கூடத்தில்
யாரோ யாருக்கோ அழிப்பானைத் தூக்கிப் போட,
என் இடது கால் தானாக எழுந்து
மேஜை உயரத்தில் நின்றது.
மைக்ராஸ்கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதன் பிறகு என் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது:
சீன்னே, கால்காரி.

படகுக் கழகத்தில் சேர்ந்தது
பந்தே இல்லாத விளையாட்டு என்பதால்.
நான்கு பேர், நான்கு துடுப்பு,
சுக்கான் பிடிக்க யோருன். பத்தொன்பது வயது,
தொண்டை மட்டும் நாற்பது.
போகும் திசையைப் பார்ப்பவள் அவள் ஒருத்திதான்.
மற்ற நால்வரும் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறோம்.

ஒரு வாழ்நாள் முழுக்கப் புறமுதுகு காட்டாதவளுக்கு
இதைவிடக் கேவலம் என்ன?
கழுத்து திரும்பிக்கொண்டே இருந்தது.
திரும்பும்போதெல்லாம் படகு சாய்ந்தது.
“மூன்று! என்ன தேடுகிறாய்?
அங்கே ஒன்றும் வரவில்லை!”
மூன்று நான்தான்.
பன்னிரண்டிலிருந்து மூன்றுக்கு வந்திருக்கிறேன்.

துடுப்பு தண்ணீரில் மாட்டி
பிடி வயிற்றில் இடித்து மல்லாந்தேன்.
இதற்குப் பெயர் நண்டு பிடிப்பதாம்.
நூறு கிலோமீட்டர் வேகத்தைக் கையால் பிடித்தவள்
காலை ஏழு மணிக்கு
பிராப்ரான் ஏரியில்
நண்டு பிடித்தேன், நான்கு முறை.
யாரும் கைதட்டவில்லை. யாரும் ஊளையிடவுமில்லை.

முதுகு திருப்பி உட்கார்ந்தால்
போனதெல்லாம் வரிசையாய்த் தெரிகிறது.
நீரில் நாங்கள் கிழித்த கோடு,
அது மூடிக்கொள்ளும் அவசரமின்மை.
விபோர்க் அரையிறுதி, கடைசி நொடி,
ஏழு மீட்டரிலிருந்து ஒரு தண்டனை எறிதல்,
என் கால்களுக்கிடையே.
தடுத்தவற்றில் ஒன்றுகூட நினைவில்லை,
உள்ளே போனவை மட்டும்
தேதியோடு இருக்கின்றன.

அக்டோபர் மூடுபனி.
ஏரி ஆறாகிற இடத்தில் ஒரு மரப்பாலம் உண்டு.
முதலில் எனக்குப் பின்னாலிருந்தவளின் மூச்சு எதிரொலித்தது.
பிறகு கழுத்தில் குளிர்ந்த நிழல்,
பிறகு தலைக்கு மேல் பலகைகள்,
ஒரு சைக்கிள் கடகடத்தது.
வருமுன் நான் பார்க்காத ஒன்று
என்மேல் வந்து, போயும் விட்டது.
கை எழவில்லை.

“மூன்று, நன்று,” என்றாள் யோருன்.
அந்த மகிழ்ச்சியில்
அடுத்த இழுப்பிலேயே
இன்னொரு நண்டு.