தார்ப்பாய்

அந்த இலைக்குவியலை மூடியது நான்தான்.
ஹெல்வி கேட்கவேயில்லை.
எங்கள் வேலியில் ஒரு மேப்பிள். நட்டது என் அப்பா.
உதிர்வதெல்லாம் காற்றுவாக்கில் அவள் பக்கம் போய்விடும்.
அக்டோபர் முழுக்கக் கூட்டிக் கூட்டி
இடுப்பு உயரத்துக்குக் குவித்திருந்தாள்.
லாரி ஓட்டிய காலத்துத் தார்ப்பாய் ஒன்று
கொட்டகையில் சும்மா கிடந்தது.
மூலைக்கு இரண்டு செங்கல் வைத்து
ஒரு சொட்டு இறங்காதபடி இழுத்துக் கட்டினேன்.
மூச்சுக்கு முந்நூறு தடவை நன்றி சொன்னாள்.
அப்போது அவளிடம் மூச்சு நிறைய இருந்தது.

தார்த்துவில் பனி ஐந்து மாதம்.
மேலே அது வெள்ளையாய்க் கிடக்க
அடியில் இலைகள் தம் சூட்டில் தாமே வெந்து,
பிறகு காய்ந்து,
பிறகு யாரும் பார்க்காத ஏதோ ஒரு வாரத்தில்
வேறொரு வெள்ளை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை.
நான் ஏணிமேல், ஆப்பிள் கிளை நறுக்கிக்கொண்டிருந்தேன்.
தார்ப்பாயை உரித்தாள், முள்வாரியை இறக்கினாள்,
ஒரே புரட்டு.
மாவுமில்லில் மூட்டை வெடித்த மாதிரி எழுந்தது.
புகை என்றால் கண் எரிந்திருக்கும், விலகியிருப்பாள்.
இது எரியவில்லை. மணம்கூட மோசமில்லை,
நிலவறை மணம், பழைய ரொட்டி மணம்.
"ஊர்மாஸ், இங்கே பாரேன், பூசணம் பூத்திருக்கிறது!"
பூத்தது என்று சொல்லிவிட்டால்
மூக்கை யார் மூடுவார்கள்?
மாலைவரை புரட்டினாள்.
வெயில் அவள் தலையைச் சுற்றி
அந்தத் தூளில் கோடுகோடாய் நின்றது.
அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

இரவே குளிர் உதறியது.
வெந்நீரில் ராஸ்பெர்ரி ஜாம், இரண்டு கம்பளி,
ஃப்ளூதான் என்றாள்.
செவ்வாய்க்கிழமை பாடற்குழுவில், ஆல்ட்டோ வரிசையில்,
முப்பது வருடமாய் ஒரே மூச்சில் கடந்த வரியை
நடுவில் விட்டுவிட்டு உட்கார்ந்தாளாம்.

கார் என்னுடையது, அதனால் அறைக்குள் நானும் இருந்தேன்.
டாக்டர் கேட்டார்: புறா வளர்க்கிறீர்களா?
வைக்கோல்? வீட்டுச் சுவரில் ஈரம்?
இல்லை, இல்லை, இல்லை.
எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் பனிமூட்டம்,
எங்கள் ஆற்றின் மேல் விடியற்காலையில் நிற்குமே, அப்படி.
மூன்றாம் முறை போனபோதுதான் இலைக்கதை வந்தது.
டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.
"ஆஸ்துமாக்காரி நீங்கள். தூள் பறக்கும் அளவுக்கு
அது எப்படிக் காய்ந்தது? மழை படவில்லையா?"
ஹெல்வி என் பக்கம் திரும்பவில்லை.
என் பூட்ஸை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"குளிர்காலம் ரொம்ப நீளம், டாக்டர்" என்றாள்.

மாத்திரை நான்கு மாதம்.
அது தீரும்வரை வெயிலில் நிற்கக் கூடாதாம், தோல் வெந்துபோகும்.
எங்கள் ஊரில் வெயில் வருவதே அந்த நான்கு மாதம்.
ஜன்னலுக்குள்ளிருந்து கை காட்டுவாள்:
தக்காளிக்கு அங்கே, இன்னும் இடப்பக்கம், போதும்.
அவள் பாத்திக்கெல்லாம் நான் தண்ணீர் விட்டேன்.
அந்தக் குவியலுக்கும் விட்டேன்,
தினம் இரண்டு வாளி, மெதுவாக,
தூங்கும் நாயின் மேல் ஊற்றுவதுபோல் பயந்து பயந்து.

இப்போது மறுபடி அக்டோபர்.
முகக்கவசம் மாட்டி, ஹோஸைத் திறந்து
இலையை நனைத்த பிறகே தொடுகிறாள்.
மூன்று வாரு, ஒரு நிறுத்தம்.
நிறுத்தத்தில் முள்வாரியின் மேல் சாய்ந்து
நீலத் துணி உள்ளே போய் வெளியே வருகிறது.
எண்ணக் கூடாது என்று எண்ணிக்கொண்டே எண்ணுகிறேன்.

நேற்று வேலியோரம் வந்தாள்.
"உன் தார்ப்பாய் எங்கே, இந்த வருஷம் காணோம்?"
"கிழிந்துவிட்டது."
லாரித் தார்ப்பாய் எதைத் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும்.
அவள் புருஷனும் லாரிக்காரன்.
துணிக்குப் பின்னால் ஏதோ சத்தம்.
சிரிப்பா இருமலா, எனக்குப் பிடிபடவில்லை.
அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.
குவியல் நனைந்துகொண்டிருந்தது.
இரண்டு பேரும் உள்ளே ஓடவில்லை.