ஏழடி பின்னால்

பன்னிரண்டு வருடமாக ஒரே வேலை.
பந்து நகர்ந்ததும்
எதிரே நிற்கும் நூற்றைம்பது கிலோவைச் சுற்றிப் போய்
அதன் முதுகுக்குப் பின்னால் இருப்பவனை
எறிவதற்குள் சாய்க்கவேண்டும்.
அதற்குத்தான் சம்பளம், அதற்குத்தான் ஐஸ் தொட்டி,
மடங்க மறுக்கும் இந்த இடது மோதிர விரல்.

அப்போதைய க்வார்ட்டர்பேக்குகளுக்கு நேரம் இருந்தது.
மூன்று நொடி, சில நாள் நான்கு.
தூரத்தில் ஓடுகிறவனைத் தேடிக்கொண்டிருப்பான்,
அவன் மூச்சு கேட்கும் இடத்துக்கு நான் வந்துவிடுவேன்.
இப்போதைய பையன்கள்
உள்ளங்கையில் தணல் விழுந்ததுபோல்
உதறிவிடுகிறார்கள் பந்தை.
வளைந்து நான் போய்ச் சேர்கையில்
மிச்சமிருப்பது மரியாதையான ஒரு புன்னகை.

புதிய பயிற்சியாளர் ஓரன் ஸ்ட்ரிக்லேண்ட்,
என்னைவிட ஒரு வயது இளையவர்,
திரையில் என்னைச் சிவப்புப் புள்ளியாக்கிப்
பின்னோக்கி இழுத்தார்.
"நீ பாய்வாய் என்று ஐந்து பேரும் நம்பட்டும்.
நம்பியதும் நீ ஏழடி பின்னால் போ.
மறுபக்கம் ஒல்லிப் பையன் பாய்வான்."
"அப்போது நான் யார்?"
"வதந்தி," என்றார்.

செவ்வாய் முழுக்கப் பின்னால் நடந்து பழகினேன்.
ஈரி ஏரியின் காற்று பிடரியில் அறைந்தது.
புறமுதுகு இல்லை இது,
முகம் அவன் பக்கம்தானே இருக்கிறது,
கால்கள் மட்டும்தானே போகின்றன என்று
யாரிடமோ வாதாடிக்கொண்டே நடந்தேன்.

ஞாயிறு. பஃபலோ. பனி.
மூன்றாவது முயற்சி, எட்டு கஜம் மிச்சம்.
கை ஊன்றிக் குனிந்தேன்.
எதிரே பொமரோய்,
என் மனைவிக்குத் தெரியாத என் எடையெல்லாம்
எட்டு வருடமாகத் தாங்கியவன்.
பந்து நகர்ந்தது.
ஓரடி முன்னால் வைத்தேன், பொய்யாக.
இரு கைகளையும் நீட்டினான்.
நான் அங்கே இல்லை.
கோபம்கூட இல்லை அவன் முகத்தில்,
வழக்கமான விருந்தாளி
வாசலோடு திரும்புவதைப் பார்க்கிறவன்போல் நின்றான்.

ஐந்தாவது அடியில் பந்து வந்தது.
நான் விட்டுப்போயிருக்க வேண்டிய வெற்றிடத்தை நம்பி
எறிந்த பந்து.
நேராக என் மார்புக்கு.
குத்தவும் பிடுங்கவும் தெரிந்த கைகளுக்கு
ஏந்தத் தெரியவில்லை.
விழுந்தது.

அரங்கம் ஒல்லிப் பையன் பெயரைக் கத்தியது.
அரை நொடி தாமதமாகத்தான் போயிருந்தான், ஆனாலும் போயிருந்தான்.
என் கணக்கில்: தடுத்த பந்து ஒன்று, சாய்த்தது சுழியம்.
"ஏன்ப்பா அவனைப் பிடிக்காம திரும்பிப் போனே?"
போனில் மகள் இமோஜென், வயது ஆறு.
"அதுவும் ஒரு வழிதான் கண்ணு," என்றேன்.
அவள் அடுத்த கேள்வி கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

சுரங்கப் பாதையில் பொமரோய் வந்து நின்றான்,
தலைக்கவசம் கையில், நெற்றியில் ஆவி.
"இன்னிக்குத் தோள் வலிக்கவே இல்லைடா,"
என்றான்,
புகார் சொல்வதுபோல.