நான்கு மில்லிமீட்டர்

கையைத் தளரத் தொங்கவிட்டால் போதும்.
தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, பின்புறம்
மையால் ஒரு புள்ளி வைப்பேன்.
பெருவிரலும் சுட்டுவிரலுமாய்
தோலைத் தசையிலிருந்து பிரித்தெடுத்து
கிடுக்கியின் வாயில் கொடுத்துவிட்டு
ஒன்று, இரண்டு.
முள் நிற்கும் இடத்தில் தெரிந்துவிடும்
ஒரு பிள்ளையின் சேமிப்பு.

க்வாஸகெலேயில் இது மூன்றாவது பள்ளி.
ஜூன் மாதக் குளிர்.
கடற்காற்று தகரக் கூரையைச்
சுண்டிக்கொண்டே இருக்கிறது.
நூலகம் என்று எழுதிய அறையில்
இன்றைக்கு என் எடை எந்திரம்,
என்றைக்கும் காலி அலமாரிகள்.

ஸிம்கிதாவுக்கு இருபத்தொன்று.
"பாஸா மிஸ்?" என்கிறாள்.
காலையில் என்ன சாப்பிட்டாய்?
ரெண்டு மக்வின்யா.
நேற்று ராத்திரி?
ரெண்டு மக்வின்யா.
அவள் ரத்தத்தில் இரும்பில்லை என்கிறது
கோப்பில் இன்னொரு தாள்.
கன்னம் உப்பிய பட்டினியை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பள்ளி வாசலில் நோமலங்கா.
மாவுருண்டைகள் அவள் சட்டியில்
மூழ்கிப் புரண்டு பொன்னாகி எழும்.
திங்களன்று தேன்நிறம் அந்த எண்ணெய்,
வெள்ளியன்று லாரிக்கடியில் சொட்டுவது.
மாற்றக் கூடாதா என்று கேட்டேன்.
"அஞ்சு லிட்டர் என்ன விலை, சொல்லு."
தெரியவில்லை.
"ரெண்டு ராண்டுக்கு மத்தியானம்வரை
பசியைப் பூட்டிவைக்க வேற எது இருக்கு,
அதையாவது சொல்லு."
'பொரித்த உணவைத் தவிர்ப்பீர்' என்று
கம்பிக்கதவில் கட்டியிருந்த தாள்
அவள் கை பட்டுப் பட்டு
கண்ணாடியாகிவிட்டது.
எழுத்துகளுக்குப் பின்னால்
மைதானத்தில் பந்து ஓடுகிறது.

உள்ளே சத்துணவுக் கூடம்.
பிள்ளைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய்
என்கிறது அட்டவணை.
இருபதாம் தேதிக்குமேல்
தேக்கரண்டி மட்டும்.
பூசணியின் மஞ்சள் தண்ணீருக்கு மசியாது.
எண்ணெய் கைபிடித்துக் கூட்டிப்போனால்தான்
ரத்தத்துக்குள் நுழையும்.
இல்லையென்றால்
குடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு
வந்த வழியே போய்விடும்,
அழைப்பில்லாத கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி.

லுபாபாலோவுக்கு நான்கு.
மும்முறை அளக்க வேண்டும் என்பது விதி.
நான்கு.
புள்ளியைத் தள்ளி வைத்துவிட்டேனோ என்று
மறுபடி நாடா பிடித்துப் பார்த்தேன்.
நான்கு.
கையில் வேறெதுவும் அகப்படவில்லை,
தோலும் தோலும்தான்
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

"இப்ப நான்" என்றான்.
கேட்கவில்லை, சொன்னான்.
கிடுக்கியைப் பிடுங்கி
என் கையைக் கிள்ளிப் பிடித்து
ஒன்று, இரண்டு, ஒழுங்காக எண்ணி
வரிசையைப் பார்த்துக் கத்தினான்:
"முப்பத்திரண்டு! மிஸ் பணக்காரி!"
வரிசை கலைந்து விழுந்து சிரித்தது.
ஸிம்கிதாவும்.

சத்தம் கேட்டுக் கதவில் வந்து நின்றார் ஆசிரியர்.
"டேய், கொழுப்பா உனக்கு?"

படிவம் என் மடியில் இருந்தது.
மூன்று கட்டங்களிலும் மை இன்னும் காயவில்லை.
அவன் கிடுக்கியை
சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.