வீட்டுக்குப் போன் செய்யும்போது

கெமியில் நவம்பர்.
இரண்டு மணிக்கே விளக்குப் போட வேண்டிய மதியம்.
காகித ஆலையின் புகை நேராக மேலே ஏறுகிறது,
யாரையும் கேட்காமல்.

நீச்சல் வகுப்புக்கு ஆறு வாரமாக வரவில்லை என்று
உன் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு.
உன் பெயர் என்றா சொன்னேன்?
பதிவேட்டில் இருக்கிற பெயர். வெய்க்கோ.
நீ சொன்ன பெயரை
மஞ்சள் தாளில் எழுதி
இழுப்பறைக்குள் வைத்திருக்கிறேன்.
ஸாதெ. கதிர் என்று பொருள்.

எங்கள் மொழியில் அவன், அவள் கிடையாது.
இரண்டுக்கும் ஒரே சொல்.
வெளிநாட்டார் கேட்டு வியப்பார்கள்.
அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
உடைமாற்றும் அறையின் இரண்டு கதவுகளை
என்ன செய்ய?

சாவி தந்தேன்.
ஆசிரியர் கழிவறைச் சாவி,
தூண்டில்மீன் பொம்மை கோத்தது.
பெரிய உதவி இல்லை, தெரியும்.
ஒரு தாழ்ப்பாள். ஒரு கண்ணாடி.
சோப்புகூடத் தீர்ந்துபோயிருந்தது.

பிறகு கேட்டேன்:
"வீட்டுக்குப் போன் செய்யும்போது எந்தப் பெயர்?"

போன வருஷம் இதைக் கேட்கத் தோன்றாமல்
வேறொரு வீட்டுக்குப் போன் செய்தேன்.
நல்லது செய்கிறவளின் குரலில்
புதுப் பெயரைச் சொன்னேன்.
மறுமுனையில் நாற்காலி நகர்ந்த சத்தம்.
அந்தப் பிள்ளை இப்போது ஓவ்லுவில், சித்தி வீட்டில்.
கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பினேன்.
பதில் வரவில்லை.
வரவேண்டும் என்று சட்டமா?

நீ ஜன்னலைப் பார்த்தபடி
"பழசு" என்றாய்.
"ஸ்பீக்கரில் போடுங்கள்."

எண்களை அழுத்தினேன்.
கையுறையில் பிரிந்த நூலை
நீ விரலில் சுற்றத் தொடங்கினாய்.
வெய்க்கோ, என்றேன். வெய்க்கோவை, வெய்க்கோவுக்கு, வெய்க்கோவின்.
எத்தனை உருபு ஏற்றும்
உன்மேல் ஒட்டாத பெயர்.

உன் அம்மாவுக்குப் பின்னால்
கிடங்கு வண்டி பின்வாங்கும் பீப் ஒலி.
நீச்சல், விடுப்பு, மருத்துவர் சீட்டு,
எல்லாவற்றுக்கும் சரி, சரி.
வைக்கப் போனேன்.
"ஒரு நிமிஷம்" என்றார்.
பீப் ஒலி நின்றது.
"பிள்ளை அங்கே ஏதாவது சாப்பிடுதா?"

பிள்ளை.
பெயரைத் தொடாமல் விட்டாரா,
வேலை அவசரத்தில் வாய்க்கு வந்ததா,
எனக்குத் தெரியாது.
நூல் சுற்றிய விரல் நுனி
வெளுத்துப்போய் அப்படியே நின்றிருந்தது.

"சாப்பிடுது" என்றேன்.
பொய்.
போனை வைத்துவிட்டு
மஞ்சள் தாளுக்கு அடியில் கிடந்த ரை ரொட்டியை எடுத்து
பாதி பிய்த்து
உன் பக்கம் தள்ளினேன்.