முன்னால் நிற்கும் ஓரெழுத்து

அர்காவ் நீதிமன்றத்தில் மின்விசிறி மூன்று,
சுற்றுவது ஒன்று.
அதன் கீழே என் நாற்காலி இல்லை.
பதினாறு வருடமாக
செபுவானோவை ஆங்கிலமாக்கிக்
காகிதத்துக்குக் கொடுக்கிறேன்.
நீதிபதி பேசுவது செபுவானோ, வக்கீல்கள் பேசுவதும்,
வாசலில் தோர்தா கேக் விற்பவள் கூவுவதும்.
காகிதம் ஒன்றுதான் வெளியூர்.

இன்று கூண்டில் ப்ரொசேசா லாபினிட்.
கணவன் மனனாகட், மீன் பிடிக்கிறவன்.
டாகட் என்றால் கடல்.
தொழிலாகும்போது தன் முதல் எழுத்தைக்
கரையில் கழற்றி வைத்துவிட்டுக்
கடல் ஆளுக்குள் இறங்கிவிடும்.

எனக்கு வேலை வேர்களோடு அல்ல.
வேரில் யாரும் பொய் சொல்வதில்லை.
சூனொக்: நெருப்பு. இதில் என்ன சந்தேகம்,
சாம்பலின் புகைப்படம் கோப்பிலேயே இருக்கிறது.
வழக்கெல்லாம் ஒட்டில்.
கி வந்து முன்னால் நின்றால்
கிசூனொக்:
ஒரு கை இருந்தது, கையில் தீக்குச்சி இருந்தது.
ந வந்து நின்றால்
நசூனொக்:
எரிந்தது, அவ்வளவுதான்.
காற்றைக் கேள், விளக்கைக் கேள், எங்களைக் கேட்காதே.
வாலில் ஓர் ஆ சேர்ந்தால்
சூனொகா! கொளுத்து!
அந்தக் கடைசி ஆ-வை யாராவது கேட்டீர்களா என்று
போன வாய்தா முழுக்க விசாரித்தார்கள்.
அலை இரைச்சல் என்றார்கள் எல்லோரும்.

பிப்ரவரியில் காவல் நிலையத்தில் அவள் சொன்னது கிசூனொக்.
கீழே கட்டைவிரல் ரேகை.
இப்போது செப்டம்பர்.

"அன்றிரவு உங்கள் வீட்டுக்கு என்ன ஆயிற்று?"

எதிரே டியோஸ்கோரோ, கணவனின் தம்பி,
விலங்கு பூட்டிய கையால் சட்டைப் பொத்தானைத் தேடுகிறான்.
பின் பெஞ்சில் அவன் மனைவி,
நிறைமாதத்துக்கு இன்னும் இரண்டு மாதம்.
ப்ரொசேசா இருவரையும் பார்க்கவில்லை.
சுற்றாத விசிறியைப் பார்த்துச் சொன்னாள்:
நசூனொக்.

அரசு வக்கீலின் பேனா நின்றது.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
வாசல் காவலன்கூடத் திரும்பினான்.
ஓரெழுத்து இடம் மாறி உட்கார்ந்த சத்தம்
அறையில் எல்லோருக்கும் கேட்டது.
பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆங்கிலத்தில் எரிந்ததற்கும் எரித்ததற்கும்
ஒரே சட்டை.
"த ஹவுஸ் பர்ன்ட், யுவர் ஆனர்."
தட்டச்சுக்காரி தட்டினாள்.
நான் சொன்னது பொய்யில்லை.
ந மட்டும் என் நாக்கிலேயே தங்கிவிட்டது,
மீன்முள் மாதிரி.

"எரிந்ததா, எரித்தார்களா, தெளிவாகச் சொல்லம்மா."
"நான் நசூனொகன்" என்றாள்.
முன்னே ந, பின்னே அன், நடுவில் தீ.
நெருப்பு நேர்ந்தவள்.
விக்டிம் என்றேன்.
சொல்லும்போதே தெரிந்தது,
அந்தச் சொல் சில்லென்று இருந்தது.

மதியம் எதிர்க்கடையில் சோறு.
எங்கள் மொழியில் அது கன்-ஒன்,
உண்ணப்படப்போவது.
தட்டுக்கு வந்த பிறகும்
அதற்கு எதிர்காலம்தான்.
ப்ரொசேசாவின் தட்டில் பாதியை
கர்ப்பிணியின் தட்டுக்குத் தள்ளிவிட்டதைப் பார்த்தேன்.
அல்லது அவள் இவளுக்குத் தள்ளினாளோ,
நான் பார்த்தபோது கரண்டி நடுவில் இருந்தது.
சாட்சி சொல்லச் சொன்னால்
நானும் ந போட்டுத்தான் சொல்வேன்:
சோறு நகர்ந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
பேச வேண்டுமே என்று
"வீட்டுக்கா?" என்றேன்.
"மாஉலியன் இல்லை" என்றாள்.
உலி, வீடு திரும்புதல். அது அவளிடம் இருந்தது.
மா, முடியும். அதுவும் இருந்திருக்கலாம்.
அன், இடம்.
அதைத்தான் பிப்ரவரியில் அள்ளிக் கொட்டினார்கள்
தகரத்தோடும் பானையோடும்.

தட்டச்சுக்காரி பக்கத்தில் இல்லை,
நான் எதையும் பெயர்க்கவில்லை.

ட்ரைசிக்கிள் வந்தது.
உள்ளே ஏறிய கர்ப்பிணி
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
கொஞ்சம் நகர்ந்தாள்,
ஓர் அன் அளவுக்கு.